பேரனின் மண்ணீரலும் தாத்தாவின் கை நடுக்கமும்

பிள்ளைக்கு நாலு வயசு. கையும் காலும் குச்சி மாதிரி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். சட்டையில் கடைசி இரண்டு பித்தான் பூட்டாது. கல்லிடைக்குறிச்சியில் மாந்தம் என்று சொல்லி உரைமருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் மூக்கில் வடிந்த ரத்தம் நிற்கவே இல்லை, பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவு, மண்ணீரல் தொப்புள் வரை இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். அட்டையில் ரத்தச் சொட்டை எடுத்துக் காயவைத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். சில வாரம் கழித்து வந்த தாளில் இருந்த பெயர் 'கோஷே நோய்'.

அன்றைக்கு டாக்டர் ஒரு வெள்ளைத்தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பப் படம் வரைந்துகொண்டிருந்தார். நடுவில் நிமிர்ந்து, கூட வந்திருந்த என் மாமாவின் கையைப் பார்த்தார். பிள்ளைக்கு அவர்தான் தாத்தா. மடியில் சும்மா கிடந்த வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுவதுபோல ஆடிக்கொண்டிருந்தன.

"ஐயாவுக்கு இந்த நடுக்கம் எத்தனை வருசமா இருக்கு?"

மாமாவுக்குச் சுருக்கென்றது. "பிள்ளையக் காட்ட வந்தா என் கையப் பாக்கீங்களே!"

டாக்டர் சிரித்துவிட்டு, சதுரத்துக்குள் ஏதோ குறித்துக்கொண்டார். மாமாவுக்குப் பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம், என்பது எங்களுக்கு முன்பே தெரியும், மூன்று வருசமாக மாத்திரை சாப்பிடுகிறார். பேரனின் வயிற்றுக்கும் தாத்தாவின் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் யாருக்கும் புரியவில்லை. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிற எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

பேட்டை போகிற ரோட்டில் ஓர் ஆக்கர் கடை இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குப் பழைய இரும்புக் கடை என்று சொன்னால் புரியும். ஓடாத சீலிங் ஃபேன் ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டால் அதை அப்படியே மூலையில் வைக்கமாட்டார்கள். ஒருத்தர் சுத்தியலால் மோட்டார் மூடியைத் தட்டிப் பிளப்பார். இன்னொருத்தர் உள்ளே சுற்றியிருக்கும் செம்புக்கம்பியை உளியால் வெட்டி உருவுவார். அலுமினிய இறக்கை ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், செம்பு கண்ணுக்கு எதிரே தராசுப் பக்கத்தில். சாயங்காலம் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். காலையில் ஃபேனாக வந்த எதுவும் ராத்திரி ஃபேனாக இருக்காது.

நம் செல்களில் பெரும்பாலானவற்றுக்குள் இப்படி நூற்றுக்கணக்கில் ஆக்கர் கடைகள் உண்டு. அவற்றுக்கு லைசோசோம் என்று பெயர். பாடப்புத்தகத்தில் 'தற்கொலைப் பைகள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், நானும் வருசக்கணக்கில் அப்படித்தான் எழுதிப்போட்டேன். பாவம், அது பிழைப்புக்கு வழி பண்ணும் கடை, அதற்குப் போய் இப்படி ஒரு பெயர். பழசாகிப்போன புரதம், கொழுப்பு, சர்க்கரைச் சங்கிலி எல்லாம் அங்கே வரும். உள்ளே அறுபதுக்குப் பக்கமாக நொதிகள், அதாவது என்சைம்கள், வேலைபார்க்கின்றன. ஒவ்வொரு நொதிக்கும் ஒரே ஒரு வேலை, ஒரே ஒரு இணைப்பைத்தான் வெட்டத் தெரியும். இந்த நொதிகளுக்குப் புளிப்பு வேண்டும். அதனால் லைசோசோமின் உட்புறம் தக்காளிச்சாறு அளவுக்குப் புளித்தே இருக்கும். வெட்டிப் பிரித்த துண்டுகள் வெளியே போய்ப் புதுப்பொருள் செய்யப் பயன்படும்.

இதைக் கண்டுபிடித்த கதையில் ஒரு ஃப்ரிட்ஜ் வருகிறது. 1949இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் கிறிஸ்டியான் த டூவ் என்ற விஞ்ஞானி எலிக் கல்லீரலை அரைத்து அதில் ஒரு நொதியை அளந்தார். இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவாகக் காட்டியது. சரி, அப்புறம் பார்ப்போம் என்று ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். ஐந்து நாள் கழித்து எடுத்து அளந்தால் அதே சாற்றில் நொதி பல மடங்கு! மாவு புளித்துப் பொங்கியதுபோல ஒரு கணக்கு. நொதி புதிதாக உண்டாகவில்லை. அதுவரை ஏதோ ஒரு பைக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறது, ஐந்து நாளில் பை நைந்து வெளியே வந்திருக்கிறது. அந்தப் பைக்குத்தான் 1955இல் லைசோசோம் என்று பெயர் வைத்தார். 1974இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக்கர் கடையில் செம்பு உருவுகிற ஆள் மட்டும் வேலைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு பிரியும், அலுமினியம் பிரியும், மோட்டார்கள் மட்டும் குவியும். ஒரு மாதத்தில் நடக்க இடம் இருக்காது, பிரிக்கத் தெரிந்த மற்றவர்களும் உட்கார இடமில்லாமல் நிற்பார்கள். மரபுவழியில் வரும் லைசோசோம் சேமிப்பு நோய்கள் என்பவை இவைதான். 'சேமிப்பு' என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும், நடப்பது தேக்கம். எந்த ஆள் வரவில்லை என்பதைப் பொறுத்து எந்தச் சரக்கு தேங்கும், என்ன நோய் என்பது மாறும். எழுபதுக்குப் பக்கமாக இவ்வகை நோய்கள் இருக்கின்றன. தனித்தனியாக ஒவ்வொன்றும் அபூர்வம், எல்லாவற்றையும் சேர்த்தால் சில ஆயிரம் பிறப்புகளில் ஒன்று. முதலில் பிடிபட்டது பாம்பே நோய், பம்பாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது ஒரு டச்சு டாக்டரின் பெயர். கைக்குழந்தைகளின் இதயம் வீங்கி இறந்துபோவதற்கு ஒரு லைசோசோம் நொதி இல்லாததே காரணம் என்று 1963இல் காட்டியவர் ஹென்றி-ஜெரி ஹெர்ஸ். அவரும் லூவனில் வேலைபார்த்தவர்தான்.

எங்கள் வீட்டுப் பிள்ளையின் நோய் அதைவிடப் பழைய பெயர் கொண்டது. 1882இல் பாரிஸில் ஃபிலிப் கோஷே என்ற மருத்துவ மாணவர், மண்ணீரல் பெருத்த 32 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார். மண்ணீரலில் புற்றுநோய் என்றே அவர் நினைத்தார். 1965இல்தான் அமெரிக்காவில் ராஸ்கோ பிரேடி குழு உண்மையான காரணத்தைக் கண்டது. குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதி போதவில்லை. வாயில் நுழையாத பெயர், இனி அதை 'கோஷே நொதி' என்றே சொல்கிறேன். செல்களின் உறையில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பிலிருந்து சர்க்கரைத் துண்டை வெட்டிவிடுவது அதன் வேலை.

வயிறு ஏன் பெருத்தது? ரத்தச் சிவப்பணுவின் ஆயுசு சுமார் 120 நாள். கிழடான அணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் உட்கார்ந்திருக்கும் விழுங்கு செல்கள் தின்றுவிடும். உடம்பிலேயே அதிகச் சரக்கு வந்து இறங்கும் ஆக்கர் கடைகள் இவற்றுக்குள்தான். நொதி இல்லையென்றால் முதலில் நிரம்புவதும் இவைதான். மண்ணீரல் வீங்கும், மஜ்ஜை அடைபடும், தட்டணு குறையும், மூக்கில் ரத்தம் வரும். மாந்தம் என்று நினைத்தவர்கள்மேல் தப்பில்லை, நாலு வயசில் வயிறு பெருத்தால் யாருக்கு இதெல்லாம் தோன்றும்?

சரி, இனி தாத்தாவின் கை.

ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதி, அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. கோஷே நொதியைச் செய்யும் ஜீனுக்கு ஜிபிஏ1 என்று பெயர். இரண்டு பிரதியும் பழுதானால்தான் கோஷே நோய் வரும். ஒன்று நன்றாக இருந்தால் நொதி பாதியளவு வரும், மண்ணீரலுக்கு அது தாராளமாகப் போதும். அப்படி ஒரு பழுதுப் பிரதியோடு இருப்பவரைச் சுமப்பவர் என்பார்கள். அவருக்கு நோய் இல்லை, தெரியக்கூடத் தெரியாது.

பிள்ளையின் அப்பா என் மாமா மகன், அம்மா என் சித்தி மகள். முறைக்காரர்கள், வீட்டிலேயே பேசி முடித்த கல்யாணம். ரிப்போர்ட்டில் இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம் இருந்தது. ஒரே எழுத்துப்பிழை இரண்டு பக்கமும் வந்திருக்கிறது என்றால், ஒரே ஆளிடமிருந்து இரண்டு வழியாக இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மாமாவும் சித்தியும் உடன்பிறந்தவர்கள். ஆகவே, என் ஆச்சி அல்லது தாத்தா, இருவரில் ஒருவர் சுமப்பவர். அவரிடமிருந்து மாமாவுக்கு, சித்திக்கு, அவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு, இரண்டு வாய்க்கால் தண்ணீரும் ஒரே வயலில் வந்து விழுந்த கதை. அத்தை மகள், மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு ஒரு ஜீனின் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வரும் வாய்ப்பு 16இல் 1. தாய்மாமனையே கட்டினால் 8இல் 1. நம் பக்கத்தில் இந்தக் கணக்கைச் சொன்னால் "எங்க தாத்தா ஆச்சியெல்லாம் அப்படிக் கெட்டலையா?" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை, பழுது இல்லாத குடும்பத்தில் எதுவும் ஆகாது. பழுது இருக்கிறதா என்பது பிள்ளை பிறந்த பிறகுதான் தெரிகிறது, சிக்கல் அங்கேதான்.

சுமப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றே ரொம்பக் காலம் நினைத்திருந்தார்கள். 1990களில் கோஷே நோயாளிகளைப் பார்த்துவந்த டாக்டர்கள் சிலர் ஒன்றைக் கவனித்தார்கள். இந்த நோயாளிகளில் சிலருக்கு நடுவயதில் பார்க்கின்சன் வருகிறது. போதாததற்கு, நோயே இல்லாத அவர்களின் அப்பா, தாத்தா, பெரியப்பா வழியிலும் கை நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காத்திருக்கும் அறையில், மருந்து ஏற்றிக்கொள்ள வந்த பேரனுக்குப் பக்கத்தில், டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவரிடம்தான் விடை இருந்தது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். பெரிய மெஷின் எதுவும் வேண்டியிருக்கவில்லை, யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள்.

அப்புறம் கணக்கெடுத்தார்கள். 2009இல் அமெரிக்க ஆய்வாளர் எலன் சிட்ரான்ஸ்கி தலைமையில் 16 மையங்கள் சேர்ந்து 5,000க்கு மேற்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளின் ஜீனைப் பார்த்தன. ஜிபிஏ1 பழுது மற்றவர்களைவிட அவர்களிடம் ஐந்து மடங்குக்கு மேல் காணப்பட்டது. பார்க்கின்சனுக்கு மரபுவழிக் காரணங்கள் பல உண்டு, அவற்றில் மிகப் பரவலான ஒன்று இது என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம். ஒரு பிரதி பழுதானவர்களில் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் வருவதே இல்லை. பார்க்கின்சன் வந்தவர்களில் பெரும்பாலோரிடம் இந்தப் பழுதும் இல்லை. இது ஆபத்தைக் கூட்டும் ஒரு காரணம், அவ்வளவுதான்.

மண்ணீரலுக்குப் போதுமான பாதி நொதி மூளைக்கு ஏன் போதவில்லை? மற்ற செல்கள் பெரும்பாலும் சாகும், புதுசு பிறக்கும், பிரியும்போது குப்பையும் இரண்டாகப் பங்காகும். நரம்பு செல் பிரியாது. நாம் பிறந்தபோது இருந்ததுதான் எண்பது வயசிலும். வீட்டை இடித்துக் கட்ட வழியில்லாதவன் தினமும் பெருக்கித்தான் ஆகவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மோட்டார் பிரிக்காமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அறுபது வருசம் தினமும் ஒன்று விட்டால்?

பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் செல்லுக்குள் உருண்டை உருண்டையாகக் கட்டிகள் தெரியும். 1912இல் ஃபிரெடரிக் லூயி விவரித்ததால் லூயி கட்டிகள் என்று பெயர். அவை முக்கியமாக ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதத்தால் ஆனவை என்று 1997இல் தெரிந்தது. எல்லார் மூளையிலும் இருக்கிற சாதாரணப் புரதம்தான், வேலை முடிந்தால் லைசோசோமுக்குப் போய்ப் பிரிய வேண்டியது. கோஷே நொதி குறைந்தால் கொழுப்பு தேங்குகிறது, தேங்கிய கொழுப்பு இந்தப் புரதத்தைக் கட்டிதட்ட வைக்கிறது. கட்டிதட்டிய புரதம் என்ன செய்கிறது தெரியுமா? புதிதாகச் செய்த கோஷே நொதி லைசோசோமுக்குப் போகும் வழியை மறிக்கிறது. கடைக்குள் குவிந்த மோட்டார் ரோடு வரைக்கும் வந்து, வேலைக்கு வருகிற ஆளையே உள்ளே விடாமல் நிறுத்துகிறது. இந்தச் சுழலை 2011இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். ஜீனில் பழுதே இல்லாத பார்க்கின்சன் நோயாளிகள் சிலரின் மூளையிலும் கோஷே நொதி குறைந்திருப்பது ஏன் என்பதற்கும் இது ஒரு பதில். சுழலுக்குள் எந்தப் பக்கத்திலிருந்தும் விழலாம்.

இது கோஷேவோடு நிற்கிற கதை இல்லை. எல்லாவற்றிலும் தெளிவான உதாரணம் புரோகிரானுலின் என்ற புரதத்தின் ஜீன். அதில் ஒரு பிரதி கெட்டால் பெரும்பாலும் ஐம்பது அறுபது வயசில் முன்மூளை மறதி நோய் வரும். சாந்தமாக இருந்தவர் கடைத்தெருவில் நின்று கத்துவார், பேச்சு குறையும், வெட்கம் போய்விடும். இது 2006இல் தெரிந்தது. 2012இல் இத்தாலியில் உடன்பிறந்த இருவரிடம் இதே ஜீனின் இரண்டு பிரதியும் கெட்டிருக்கக் கண்டார்கள். அவர்களுக்கு இருபதுகளிலேயே பார்வை மங்கியது, வலிப்பு வந்தது. வந்திருந்தது லைசோசோம் சேமிப்பு நோய். ஒரே ஜீன்தான். பாதி போனால் வயதானபின் ஒரு நோய், முழுதும் போனால் இளமையில் இன்னொரு நோய். அளவுதான் வித்தியாசம்.

நீமன்-பிக் சி என்று இன்னொன்று. லைசோசோமிலிருந்து கொலஸ்டிரால் வெளியேற முடியாமல் தேங்கும் நோய். அதில் இறந்த சிறுவர்களின் மூளையில், அல்சைமர் என்ற மறதி நோய் வந்த முதியவர்களின் மூளையில் காணும் அதே நார்முடிச்சுகள் இருந்தன. 2017இல் வந்த ஓர் ஆய்வு 54 சேமிப்பு நோய் ஜீன்களையும் சேர்த்துப் பார்த்தது. பார்க்கின்சன் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் அவற்றில் ஏதோ ஒன்றிலாவது சந்தேகத்துக்குரிய மாற்றம் தென்பட்டது. ஆரோக்கியமானவர்களிடமும் இப்படிப்பட்ட மாற்றங்கள் உண்டு என்பதால், தனியாக ஒருவருக்கு ஜோசியம் சொல்ல இது உதவாது. எந்தத் திசையில் தோண்ட வேண்டும் என்று காட்டும்.

மருந்து? பிள்ளைக்கு இருக்கிறது. வெளியில் தயாரித்த நொதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். இந்த முறை 1991இலிருந்து உண்டு. விலை வருசத்துக்குப் பல லட்சம், பிள்ளை எடை கூடக்கூட மருந்தும் கூடும். அரிய நோய்களுக்கான 2021ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கையின்படி, அறிவிக்கப்பட்ட மையங்களில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி கிடைக்க வழியிருக்கிறது. ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டிய மருந்துக்கு அது எத்தனை வருசம் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மருந்து வேலை செய்கிறது. வயிறு வற்றிவிட்டது, பித்தான் பூட்டுகிறது.

அதே மருந்தை மாமாவுக்கு ஏற்றலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. ஏற்ற முடியாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கிற தடுப்பை இவ்வளவு பெரிய நொதி தாண்டாது. ஒரு குழந்தை நரம்பு நோய்க்கு மண்டையோட்டுக்குள் குழாய் வைத்து மூளை நீரிலேயே நொதியை விடும் மருந்துக்கு 2017இல் அனுமதி கிடைத்தது. முதியவர்களுக்கு அந்த வழி லேசில் ஒத்துவராது. உள்ளிருக்கும் நொதியை நிமிர்த்திக் கொடுக்கும் சின்ன மூலக்கூறு கிடைக்குமா என்று தேடினார்கள். கிடைத்தவற்றில் ஒன்று அம்ப்ராக்சால். ஆமாம், சளிக்கு மெடிக்கலில் வாங்குகிற சிரப்பில் இருக்கிற அதே அம்ப்ராக்சால்தான். வளைந்துபோன உளியைத் தட்டி நேராக்குவதுபோல, கோணலாக மடங்கிய நொதியை நேராக்கி லைசோசோமுக்கு அனுப்ப உதவுகிறது. 2020இல் பிரிட்டனில் 17 பார்க்கின்சன் நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்ததில் மருந்து மூளை நீர் வரைக்கும் போனது உறுதியானது. நோயைத் தடுக்கிறதா என்று அது காட்டவில்லை, காட்டுவதற்கான சோதனையும் அல்ல. பெரிய சோதனை அங்கே நடக்கிறது. எதிர்த்திசையில், கொழுப்பு உற்பத்தியையே குறைத்துப் பார்த்த வேறொரு மருந்து 2021இல் தோற்றது.

இதை நான் வீட்டில் சொன்ன மறுநாளே மாமா ஒரு பாட்டில் சிரப்பை வாங்கிவந்து மேசையில் வைத்தார். "இத குடிச்சா சரியாயிரும்னு சொல்லுதியே மருமவனே?" நான் அப்படிச் சொல்லவே இல்லை! சோதனையில் கொடுத்தது நாளுக்கு 1.26 கிராம், சளிக்குப் பெரியவர்கள் சாப்பிடும் அளவைப்போல பதினாலு மடங்கு, அதுவும் டாக்டர்கள் கண்காணிப்பில். பாட்டில் பாட்டிலாகக் குடித்தால் பார்க்கின்சனுக்கு முன்னால் வயிறு போய்விடும். பிடுங்கி அலமாரியில் வைத்தேன்.

மாமாவுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கவில்லை. பேரனின் தாளைப் பார்த்தால் அவரிடம் ஒரு பழுதுப் பிரதி இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் அவர் நடுக்கத்துக்குக் காரணமா என்று எந்த டெஸ்ட்டும் அடித்துச் சொல்லாது, மாத்திரையும் மாறப்போவதில்லை. மாமா மகனுக்கும் சித்தி மகளுக்கும் அடுத்த பிள்ளை என்றால் ஒவ்வொரு தடவையும் 4இல் 1 வாய்ப்பு. கருவிலேயே பார்க்க வழி உண்டு, மரபியல் ஆலோசகரிடம் பேசிவிட்டு வந்தார்கள். மாமாவின் கூடப்பிறந்த என் அம்மாவுக்கு அந்தப் பிரதி வந்திருக்க 2இல் 1, எனக்கு 4இல் 1. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடும்போது வராத ஒரு யோசனை, சொந்தப் பெயரைச் சதுரத்துக்குள் எழுதும்போது வந்தது. டெஸ்ட் எடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

போன ஆடி அமாவாசைக்கு எல்லாரும் கல்லிடைக்குறிச்சியில் கூடியிருந்தோம். தாமிரபரணியில் குளித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மாமா திடீரென்று கேட்டார்: "கடைசிக் காலத்துல எங்க அம்மா வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவும்போது விரலு ஆடுமே, அதுவும் இதுதானோ?"

"வயசானா யாருக்கும் ஆடத்தான் செய்யும். நம்ம அப்பாவுக்குத்தான் நடையே மாறிப்போச்சு. குனிஞ்சு குனிஞ்சு, சின்னச் சின்ன அடியா வருவாரு" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் அதற்குமேல் ஒத்துப்போகவில்லை. சித்தி உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த பழைய ஃபோட்டோவைக் கழற்றிக்கொண்டு வந்தாள். தாத்தா நாற்காலியில், ஆச்சி பக்கத்தில் நிற்கிறாள். இருவரின் கையும் தெளிவாக விழுந்திருக்கிறது. அன்றைக்கு ஃபோட்டோக்காரர் "அசையாதீங்க" என்று சொல்லித்தான் எடுத்திருப்பார்.